மூன்று பேர் சேர்ந்து நடக்கிற தெரு

பெரிய பேரன் கொழும்பில் வங்கியில் இருக்கிறான். அவன் தங்கச்சி சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தவள், இப்போது டீச்சர். கடைக்குட்டி ரவி கம்ப்யூட்டர் படிக்கிறான். நான் எழுதுவதை இந்தப் பக்கத்தில் போடுவது அவன்தான். என் மகளின் பெண் மாலதி ரோடு வரைகிறவள். போடுகிறவள் இல்லை, வரைகிறவள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்களும் சைக்கிளும் மட்டும் போகிற தெரு ஒன்று திறந்திருக்கிறார்களே, அது அவள் வரைந்தது. அஞ்சாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை மாட்டிய நான் இதைச் சொல்லாமல் இருப்பேனா?

அதைப் பார்க்கத்தான் போன மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். இன்னொரு காரியமும் இருந்தது. என் மகன் செல்வம் அந்தத் தெரு முனையில்தான் ஆட்டோ நிறுத்துவான். தெரு திறந்ததும் ஆட்டோக்களைச் சந்தைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா மகள் மாலதியோடு அவனுக்குப் பேச்சில்லை. பொங்கலுக்குக்கூட வரவில்லை.

தலவாக்கலையில் காலை ஏழரைக்கு பஸ். ஒரு மணி நேரத்தில் ஹட்டன். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். கொட்டகலைக்கு முன்னால் ஒரு மலைச்சரிவில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் இறங்கினார்கள். எங்கள் நடை அதுதான். தேயிலைக்கு நடுவே பாதை ஓர் ஆள் அகலம். முப்பது வருஷம் என் வீட்டுக்காரர் பின்னாலேயே மலைக்குப் போனேன். சண்டை போட்டது, பிள்ளைக்குப் பேர் யோசித்தது எல்லாம் அவர் முதுகோடுதான். இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் பிடரிதான் ஞாபகம் வருகிறது.

ஹட்டனில் செல்வம் ஆட்டோவோடு காத்திருந்தான். மாலதி நிற்கிற இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன்.

“அங்க ஆட்டோ வரக் கூடாதுன்னுதானே ஒங்க பேத்தி வரைஞ்சிருக்காங்க. நடந்து போங்கம்மா.”

“அப்ப நீயும் வா. பை கனமா இருக்கு.”

பையில் இருந்தது ஒரு சேலையும் நாலு ரொட்டியும்தான்.

“வாங்க மாமா” என்றாள் தெருவுக்குள் நின்ற மாலதி. அவன் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மூச்சு வாங்கினால் உட்கார பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மழைக்குக் கூரை. எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். அவள் முன்னால், நான் நடுவில், செல்வம் கடைசியில். பழக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், சிரித்தார்.

“என்ன பாட்டி, இங்கயும் தேயிலை மொளைச்சிருக்கா? இவ்வளவு ரோட்டில ஒருத்தர் பின்னால ஒருத்தரா போறீங்க!”

மாலதிக்கு வெட்கம். “மூணு பேர் பேசிக்கிட்டே நடக்கட்டும்னுதான் அம்மாயி இந்த அகலம் வச்சேன்.”

செல்வம் விறுவிறுவென்று முன்னால் வந்தான். “மூணு பேருக்கு எடம் வச்சவ, ஆட்டோவுக்கு ஒரு எடம் வைக்கலையா?”

“சந்தைப் பக்கம் கூரையோட ஸ்டாண்டு கேட்டிருக்கேன் மாமா. பதில் வரல. ஒங்க ஆளுங்களும் வந்து கேட்டா நல்லது.”

“அதை எங்கிட்ட சொன்னா என்ன?”

“போனை எடுத்தீங்களா?”

அவன் திரும்பப் பின்னால் போகவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

போகிறவர்கள் வழுக்காத செருப்பு போடுங்கள், குடை எடுங்கள். நடந்து முடித்த பிறகு சந்தைப் பக்கம் போய் ஆட்டோ பிடியுங்கள். அவர்களும் பிழைக்க வேண்டும்.

ரவி, மேலே நீ போட்டிருக்கிற படத்தில் வெறும் தெருதான் இருக்கிறது. பழக்கடை நானா எங்கள் மூன்று பேரையும் எடுத்த படம் மாலதி போனில் இருக்கிறது, வாங்கி அதைப் போடு. செல்வம் கண்ணை மூடியிருக்கிறான். பரவாயில்லை, மூன்று பேர் முகமும் தெரிகிறது.