கோடு போட்டு முடிகிற வரை

எழுபதுகளின் தொடக்கம். எண்ணூரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி புகைவிட ஆரம்பித்த புதிது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் மைதானத்து ஆள். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து அறையில் பூட்டுவது. எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு அது மோசமான வேலை இல்லை. அதற்கு முன் ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன், உப்பளத்தில் வேலை செய்து காலைப் புண்ணாக்கிக்கொண்டேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கினால் எனக்கு அதிகம். அந்தக் கல்லூரியில் தங்கியதற்குக் காரணம் கூடைப்பந்து. சிறுவயதில் மிஷன் விடுதியில் இருந்தபோது ஆடிய ஆட்டம் அது. படிப்பு ஒட்டவில்லை, பந்து ஒட்டிக்கொண்டது.

எங்கள் கல்லூரி அணி அந்த வருடம் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆட்டங்களுக்கு ஐந்து பேர் சேராமல் வாக்கோவர் கொடுத்தோம். அதாவது ஆடாமலே தோற்றோம். அணியில் இருந்தவர்கள் யானைக்கவுனி மொத்த வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகள். கடையில் சரக்கு வந்து இறங்குகிற நாளில் அப்பா கூப்பிட்டால் பந்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வருடக் கடைசியில் ஒருவனைத் தவிர எல்லோரும் படிப்பை முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கல்லூரி முதல்வர் எங்கள் பி.டி. சாரைக் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அடுத்த சீசனில் இன்னும் ஒரு வாக்கோவர் கொடுத்தால் அணியைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போடப்போவதாகச் சொன்னார். வெறும் பேச்சு என்று நினைத்தோம். அடுத்த வாரமே இரும்புக் கம்பங்கள் வந்து மைதானத்தின் ஓரத்தில் இறங்கின.

"ஏம்ப்பா, நீதான் ஊரெல்லாம் சுத்தறவனாச்சே. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவனா, பந்து பிடிக்கத் தெரிஞ்சவனா ஆளுங்களைக் கொண்டா. சீட்டும் ஃபீஸ் சலுகையும் நான் வாங்கித் தரேன்" என்றார் பி.டி. சார்.

அந்தக் கோடை முழுவதும் அலைந்தேன். ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் மாலையில் பந்தாடுகிற கூட்டத்திலிருந்து இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவரும் ரயில்வே தொழிலாளிகளின் பிள்ளைகள். தண்டையார்பேட்டையில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒருவனைப் பேசி இழுத்தேன். யானைக்கவுனியில் மிச்சமிருந்தவனை பி.டி. சார் கேப்டன் ஆக்கினார். நாலு பேர் ஆயிற்று. நாலு பேரை வைத்துக்கொண்டு ஆட்டம் தொடங்க முடியாது.

ஐந்தாவது ஆளை எண்ணூர்க் கரையில் பார்த்தேன். உப்பளத்துப் பழைய சிநேகிதனைத் தேடிப் போயிருந்தேன். மரத்திலிருந்து மீன் கூடைகளை வீச வீசக் கரையில் ஒருவன் நின்று வாங்கிக்கொண்டிருந்தான். கட்டுமரத்தை அங்கே மரம் என்றுதான் சொல்வார்கள். ஆறடிக்கு மேல் உயரம். கூடை எங்கே வந்தாலும் அவன் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. விசாரித்தால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பவர் ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலைக்குக் காத்திருந்தான். அவன் சித்தப்பா மகனும் பாஸ். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்பா இல்லாத பையன் அவன். தாய்மாமன்தான் வளர்த்தார். வலையைப் பழுது பார்த்தபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ரெண்டு பேரும் படிக்கட்டும். பந்தும் ஆடட்டும். ஆனா ஒண்ணு நைனா. கடலுக்குப் போன ஆளு திரும்பலன்னா, அன்னிக்கி இவனுங்க உன் ஆளு இல்ல. தேடப் போற மரத்துல ஏறிடுவானுங்க. இட்டுகினு போறேன்னு நீ வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்" என்றேன். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன்.

ஜூலையில் பயிற்சி தொடங்கியது. அந்த எண்ணூர் நெட்டையனிடம் ஒரு குறை. குதிக்கவே மாட்டான். பாதத்தை மண்ணில் பதித்து, முழங்காலை மடக்கி, அப்படியே நிற்பான். பந்து தலைக்கு மேலே போனாலும் கையை மட்டும்தான் நீட்டுவான்.

"என்னண்ணே, ஆளைக் கூட்டிட்டு வந்தீங்களா, கம்பத்தை நட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேப்டன் என்னைக் கேட்டான்.

"மரத்துமேல குதிச்சுப் பாரு மாமு. அப்பால நீ கரைக்கு நீந்திதான் வரணும்" என்றான் நெட்டையன்.

குதி, குதி என்று கத்தி பி.டி. சாருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆனால் அவனை நகர்த்திவிட்டு யாரும் கூடைக்கு அடியில் போக முடியவில்லை. மெல்ல மெல்ல ஆறு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கப் பழகினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சீசனின் முதல் ஆட்டம் ஐப்பசியில் வந்தது. எங்கள் மைதானத்தில், மாலை நாலு மணிக்கு. எதிரணி துறைமுகத் தொழிலாளர்களின் ஒரு கிளப். கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற வின்ச் ஓட்டுபவர்தான் அவர்களுக்குக் கேப்டன். முன்வழுக்கை, தடித்த தோள். ஆட்டத்தில் முரடர் என்று பேர். முதல்வரே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

முந்தைய இரவு பெருங்காற்றும் மழையும் அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஒரு கோடுகூட இல்லை. மண் தரை, சுண்ணாம்புக் கோடு. எல்லாம் கரைந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஈரம் காய்ந்துவிடும், பிறகு கோடு போடலாம் என்று சுண்ணாம்பு டின்னை எடுத்து வெளியே வைத்தேன். காலைப் பயிற்சிக்கு எண்ணூர்ப் பையன்கள் இரண்டு பேரும் வரவில்லை. வாசலில் மீன்கூடையோடு வந்த அம்மாதான் சொன்னாள்:

"எண்ணூராண்ட ஒரு மரம் திரும்பலியாம்பா. ரெண்டு ஆளு. கரையே காலியா கீது, அல்லாரும் தேடப் பூட்டாங்கோ."

பி.டி. சாரிடம் ஓடினேன். "எப்படியாவது ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடு" என்றார். அவர்களுடைய கேன்வாஸ் ஷூக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோடு போடவேண்டும் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை.

கரையில் சத்தமே இல்லை. பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். காணாமல் போன இரண்டு பேரில் ஒருவன் மனைவி என்றார்கள். அவர்கள் பக்கத்துக் குப்பம். வலை போடுகிற இடத்துக்காக இரண்டு குப்பத்துக்கும் வெகுநாள் சண்டை. ஆனால் அன்று இரண்டு குப்பத்து மரங்களும் கலந்துதான் போயிருந்தன.

தாய்மாமன் ஒரு சுற்றுத் தேடிவிட்டுத் திரும்பி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. என் கையைப் பார்த்தார்.

"பையில இன்னா?"

"ஷூ" என்றேன்.

அவர் மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிற்க மாட்டேன் என்று சொன்னவன் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியில் பையைத் தள்ளினேன்.

"சும்மா நிக்காத. கை போடு" என்றார்.

மரத்தை அலைக்குள் தள்ளினோம். அது போனதும் இன்னொன்று வந்தது. குடிக்கத் தண்ணீரும் கஞ்சியும் வாங்கிக்கொண்டு, வேறு திசை கேட்டுக்கொண்டு திரும்பப் போனது. நான் தள்ளினேன், பானை சுமந்தேன், நனைந்த கயிற்றை இழுத்தேன். கையில் வேலை இருந்ததால்தான் நிற்க முடிந்தது. சூரியன் உச்சியைத் தாண்டியது. நாலு மணி ஆட்டம் என்பது மனதின் ஓரத்தில் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. புதிதாக வந்த ஐந்து பையன்களின் சீட்டும் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது. அணி கலைந்தால் ஃபீஸ் சலுகை போகும். சலுகை போனால் இந்த இரண்டு பேரும் பவர் ஹவுஸ் சாம்பல்தான் அள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று இதை யாரிடம் சொல்வது?

வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு மணல்மேட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். வடக்கே சில புள்ளிகள் தெரிந்தன. எல்லோரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மரத்திலிருந்த தலைகளை எண்ணினார்கள். பிறகு ஒரு கிழவர், "ரெண்டும் கீது" என்றார். பாய்மரம் முறிந்த மரத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதில் இரண்டு பேரும் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து தண்ணீருக்குள் போனாள். புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அதை இழுத்துக்கொண்டு வந்த மரத்திலிருந்து நெட்டையனும் அவன் சித்தப்பா மகனும் இறங்கினார்கள். உதட்டில் உப்பு பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மணி இன்னா அண்ணாத்த?"

"போச்சுடா. இந்நேரம் வாக்கோவர் கொடுத்திருப்பாங்க."

தாய்மாமன் படகுக்கு அடியிலிருந்து பையை இழுத்து என் மார்பில் திணித்தார். "பூட்ச்சோ இல்லயோ, போய்ப் பாத்தாத்தான தெரியும். இன்னா வேடிக்க பாத்துகினு கீறே, இட்டுகினு ஓடு."

ஐஸ் போட்ட மீன் லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஏறிக்கொண்டோம். வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. எண்ணெய் டாங்கர் வண்டி ஒன்று முடிவே இல்லாத மாதிரி ஊர்ந்து போனது. காலையிலிருந்து சாப்பிடாத பையன்களுக்கு டிரைவர் தன்னிடமிருந்த பன்னைக் கொடுத்தார். நெட்டையன் ஷூவைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

கல்லூரி வாசலில் இறங்கினபோது ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட தாமதம். கூட்டம் தெரிந்தது, பந்துச் சத்தம் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மைதானத்தின் நடுவில் துறைமுகக் கேப்டன் மண்டியிட்டிருந்தார். ஆட்ட பனியன், அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சுண்ணாம்பு. என்னுடைய டின்னை வைத்துக்கொண்டு நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆட்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் கயிறு பிடித்திருந்தார்கள்.

நடந்ததை பி.டி. சார் பிறகு சொன்னார். நாலு மணிக்கு நடுவர் விசில் எடுத்திருக்கிறார். கால் மணி பார்த்துவிட்டு வாக்கோவர் கொடுக்கவேண்டியதுதான். துறைமுகக் கேப்டன் நடுவே வந்து, "கோடு இல்லாத எப்டி சார் ஆடறது? நாளைக்கி தகராறு வரும்" என்றிருக்கிறார். மைதானம் தயாராகாமல் நேரம் கணக்கில் வராது. மார்க்கர் எங்கே என்று கேட்டால் மார்க்கர் இல்லை. சரி, நாங்களே போட்டுக்கறோம் என்று டின்னைத் தூக்கிவிட்டார். கோடு கோணலாகப் போனதும் காலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். கயிறு பிடித்தவர்களுக்கு அடிக்கடி கை தளர்ந்தது. நடுவட்டத்துக்கு முளை அடித்தார்கள், முளை பிடுங்கிக்கொண்டது. முதல்வர் எழுந்து வந்து எப்போது முடியும் என்று கேட்டபோது, "ஆச்சு சார், ஒரு பக்கம்தான் பாக்கி" என்றாராம். அந்த ஒரு பக்கம் பாக்கியாகவே இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்க நின்றதைத் துறைமுகக் கேப்டன் பார்த்தார். பாக்கிக் கோட்டை ஒரே ஓட்டத்தில் போட்டு முடித்தார். "ரெடி சார்" என்று நடுவரிடம் சொல்லிவிட்டு டின்னை என் கையில் கொடுத்தார்.

பிறகு ஆட்டத்தில் எங்களை ஈவு இரக்கமில்லாமல் அடித்தார்கள். முரடர் என்று சொன்னது பொய்யில்லை. அவர் தோள் இடித்து எங்கள் கேப்டன் இரண்டு முறை விழுந்தான். பையன்கள்மேல் மீன் வாடை தாங்கவில்லை என்று அவர்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். நெட்டையன் கடைசிவரை குதிக்கவில்லை. ஆனால் இரண்டாவது பாதியில் அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. தோற்றோம். ஐந்து பேராக நின்று, கடைசி விசில் வரை ஆடித் தோற்றோம். முதல்வர் எழுந்து போனார். அந்த வாரக் கடைசியில் இரும்புக் கம்பங்கள் நூலகத்துக்குப் பின்னால் போய்விட்டன.

அன்று குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த துறைமுகக் கேப்டனிடம் போனேன். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"காத்தாலயே ஹார்பர்ல சொல்லிகினாங்கபா. உன் பசங்க எண்ணூருன்னு உங்க சார் சொன்னாரு." கொஞ்சநேரம் முழங்காலைத் தேய்த்தார். "எங்க வூட்லயும் ஒரு தபா அப்டி நின்னுகினு இருந்தோம்."

"வந்தாங்களா?"

அவர் குழாயை மூடினார். "கோடு கொஞ்சம் கோணயா பூட்ச்சு. நாள்க்கி நீயே நிமித்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மற்றக் கோடுகளையெல்லாம் சரிசெய்தேன். அவர் கடைசியாக ஓட்டமாகப் போட்ட கோட்டை மட்டும் தொடவில்லை. அடுத்த மழை வரை அப்படியே இருந்தது. அதற்கடுத்த வருடம் நான் வழக்கம்போல அந்த வேலையை விட்டு வேறு ஊர் போனேன். அதன்பிறகு எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேருக்காகக் காத்திருந்திருக்கிறேன். யாராவது வரத் தாமதமானால் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் வந்து சேரும்வரை மெதுவாகச் செய்யும்படி கையில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.