ரெண்டு காவல்

நீடாமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "புது ஆன்ட்டி வைரஸ் போட்டேங்க, அதுலேருந்து சிஸ்டம் படுத்துக்கிச்சு" என்று யாராவது வந்து நின்றால் எனக்கு உச்சிக்கு ஏறும். வைரஸ் கெடுத்த மிஷினைவிட, வைரஸைப் பிடிக்க வந்தது கெடுத்த மிஷின்தான் என் மேசைக்கு அதிகம் வந்திருக்கிறது. ஆனாலும் சுலபமான வேலை. சேஃப் மோடில் எழுப்பி, புதிதாகப் போட்டதைப் பிடுங்கி எறிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அன்றைக்குப் போன் செய்த அண்ணனை எனக்கு முன்பே தெரியும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். அவர் மகள் காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். சிஸ்டம் அவளுடையது. மக்கர் பண்ணும்போதெல்லாம் அவளே கடைக்குத் தூக்கி வருவாள். "அக்கா, இதுவும் ஸ்லோ, நானும் ஸ்லோ, எங்கள்ல யாராவது ஒருத்தரை உருப்பட வைங்க" என்று சிரிப்பாள். வாயாடி.

"வருஷப் பூசை வருதுங்க தங்கச்சி. அஞ்சலி அட்டைக்கு நல்ல படமா ஒண்ணு எடுக்கணும். சிஸ்டம் ஏறவே மாட்டேங்குது" என்றார். படம், வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன. அவள் செல்போன் ஆஸ்பத்திரியிலேயே காணாமல் போய்விட்டது. கூடப் படித்த பிள்ளைகளிடம் கேட்டதில் ஒரு குரூப் போட்டோ கிடைத்ததாம். அதிலும் முகம் பாதிதான்.

வழக்கம்போல கேட் போட்டிருந்தது. நின்று, திட்டி, திறந்ததும் போய்ச் சேர்ந்தேன். சிஸ்டத்தைப் போட்டால் நீலத்திரை. அணைந்தது, தானாக எழுந்தது, மறுபடி நீலத்திரை.

"புதுசா ஏதாவது போட்டீங்களாண்ணே?"

"போட்டேங்க. பழசு ஒண்ணு இருந்துச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு இன்னொண்ணும் போட்டேன்."

"ரெண்டுமா?"

"ஆமா. களத்துல நெல்லைக் குவிச்சா நிலத்துக்காரர் ஆளு ஒண்ணு, நம்ம ஆளு ஒண்ணுன்னு ரெண்டு பேரைத்தானே காவலுக்குப் படுக்க வைப்போம்? ஒருத்தன் கண் அசந்தாலும் இன்னொருத்தன் பாத்துக்குவான்ல."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. களத்தில் படுக்கிற ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். பீடி வாங்கிக் குடித்துக்கொள்வார்கள். இந்தச் சனியன்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஒன்றுக்கு இன்னொன்று திருடன். அடித்துக்கொண்டு சாகும், மிஷினும் சேர்ந்து விழும்.

"புதுசுல லாக்கர் மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க. பாப்பா படம் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். வெளியில ஒண்ணுகூட விடலை" என்றார்.

எதையும் தொடுவதற்கு முன்னால் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, அப்படியே நகல் எடுத்தேன். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு சேஃப் மோடில் எழுப்பி, லாக்கர் இருக்கிற புதியதைத் தொடாமல் பழையதை நீக்கினேன். சிஸ்டம் பழையபடி ஓடியது. அவர் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டதும் லாக்கர் திறந்தது. உள்ளே படங்களின் பெயர்கள் இருந்தன. எதைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை.

பழைய காவல் எழுதிவிட்டுப் போன குறிப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பூட்டிய பெட்டியைக் கண்டதும் அது திருட்டுச் சாமான் என்று முடிவுகட்டி அழிக்க ஆரம்பித்திருக்கிறது. புதியது தடுத்திருக்கிறது. ஒவ்வொரு நீலத்திரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெட்டி சிதைந்திருக்கிறது. எடுத்து வைத்த நகலிலும் அதே கதிதான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் சொல்ல வாயெடுக்கும்போது, சிஸ்டம் ஓடுகிற சத்தம் கேட்டு அவர் வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, திரைக்கு நேரே உட்கார்ந்தார். சாயங்கால ஜெபம் முடிந்ததும் தினமும் அப்படித்தான் உட்காருவாராம்.

"ஓடுதா தங்கச்சி? அந்த நடவு வீடியோவைப் போடு. சேத்துல வழுக்கி விழுந்துட்டு என்னைப் பாத்துச் சிரிப்பாளே, அது."

"இல்லைக்கா. படம் எதுவும் மிஞ்சலை."

"அதான் சிஸ்டம் ஓடுதே?"

அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். டிஸ்க்கின் நகலைக் கடையில் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். சென்னையில் தெரிந்தவருக்கும் அனுப்பினேன். அவரும் கையை விரித்துவிட்டார். எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. யார் மேல் ஆத்திரப்பட?

வருஷப் பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் அண்ணன் அஞ்சலி அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே ஒன்றை நீட்டினார். அட்டையில் இருந்தது ஆதார் படம். வெளுத்துப்போய், யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி இருந்தாள்.

பூசை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அவ சிரிச்சு நீ பாத்திருக்கேல்ல?"

"பாத்திருக்கேன்க்கா."

"எப்படி இருக்கும், சொல்லு" என்றார்.