பனிக்கண்ணாடி போட்டு எடுத்த படம்

ஆளை ஆள் சோதித்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த யுத்த காலத்தில்தான் என் மருமகனுக்கு பில்டர் ஆசை பிடித்தது. கண்டியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருந்தார். பிலிம் கெமராவை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு டிஜிட்டல் கெமரா வாங்கினார். அதன் வாயில் மாட்ட வட்டவட்டக் கண்ணாடிகளும் வந்தன. பில்டர் என்றதும் தேத்தண்ணி வடிக்கிறதாக்கும் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவ்வளவுதான் யோசிக்கும்.

“இது கண்ணுக்குத் தெரியாத கதிரை நிப்பாட்டிரும், அத்தை.”

கதிரை என்றால் எனக்கு நாற்காலிதான். கண்ணுக்குத் தெரியாத கதிரையில் யார் உட்காருவார்களோ! இன்னொன்று வாவித் தண்ணீரின் மினுக்கத்தை எடுக்குமாம். மூன்றாவது, பனி படிந்த ஜன்னல் மாதிரி. முகச் சுருக்கத்தை அழிக்குமாம். கல்யாண வீடுகளில் அதற்குத்தான் மரியாதை.

எனக்கோ இரண்டு கண்ணிலும் படலம். பேராதனை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தவறினால் மறுபடி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. பழைய அடையாள அட்டையில் என் முகம் தேய்ந்தே போயிருந்தது. அட்டை சரியில்லாமல் தெருவில் இறங்க முடியாத காலம். புதுப் படம் எடுக்க உட்கார்ந்தேன். மாமியார் என்று தாராளமாகப் பனிக்கண்ணாடியை மாட்டினார்.

“நிமிருங்க அத்தை, தரையையா படம் எடுக்கிறது?”

எடுத்ததைக் கெமராவின் முதுகில் காட்டினார். படலத்தோடு பார்த்தால் என்ன தெரியும்? “நல்லா இருக்கு” என்றேன். வெட்கப்படுகிறவளுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

ஒப்பரேஷனுக்குப் போகிற அன்று புது அட்டையோடு நானும் மருமகனும் பஸ் ஏறினோம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மே துவகே நேத?”

மகளுடைய அட்டையா என்று கேட்கிறார். நியாயம்தான், அதில் இருந்தவளுக்கு ஒரு சுருக்கம் கிடையாது. என்னை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார். பஸ் உறுமுகிறது. எனக்குத் தமிழிலேயே பேச்சு வராது, சிங்களத்தில் எங்கே வரப்போகிறது?

மருமகன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பனிக்கண்ணாடியை எடுத்தார். பிள்ளையை மறந்து வந்தாலும் அதை மறக்கமாட்டார். இதற்குள்ளால் பாருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினார். ஆமிக்காரர் ஒற்றைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார். பிறகு அட்டையை. பிறகு என்னை.

“ஆ, ஹரி ஹரி! ஏ அம்மா தமய்!”

அதே அம்மாதானாம். விடவில்லை, வரிசையில் நின்ற எல்லோரையும் அதற்குள்ளால் பார்த்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே அழகாக, சந்தேகமில்லாதவர்களாகத் தெரிந்திருப்போம். பார்த்து முடிந்ததும் கண்ணாடி அவருடைய சட்டைப் பைக்குள் போய்விட்டது. எங்கே போனாலும் பில்டர் விளக்கம் சொல்லும் மருமகன் துப்பாக்கியை ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். துப்பாக்கிக்கும் விளக்கம் தெரியும் போல.

“கொழும்பெல்லாம் தேடி வாங்கினது, அத்தை” என்று பேராதனை வரைக்கும் புலம்பினார். என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பாதி முகத்தில் கட்டோடு திரும்பினேன். அதே சாவடி, அதே ஆமிக்காரர். யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றேன். அட்டையில் இருந்தவளுக்கும் எனக்கும் இப்போது எந்த ஒட்டும் கிடையாது.

“யன்ன அம்மே, யன்ன” என்று அட்டையைப் பார்க்காமலே போகச் சொன்னார்.

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மருமகன்தான் ஏறாமல், ஆமிக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தபடி நின்றார்.