மாமனாரிடம் கேட்காத கேள்வி

நரின் என்கிற மலையூரில் குடிக்கிற ஆம்பளையே கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். காரோடு ஆற்றில் விழுந்தவன் சொல்வான். கல்யாண வீட்டில் மச்சான் மூக்கை உடைத்து, பதிலுக்குத் தன் கையும் உடைந்து வந்தவன் சொல்வான். "நானா? அல்லா மேல சத்தியமா வாய்ல வச்சதில்லக்கா." அந்த வாயைத் திறக்கும்போதே வாடை குப்பென்று அடிக்கும்.

இந்தப் புளுகர்களிடமிருந்து உண்மையைக் கறப்பதுதான் புருல்சாவின் வேலை. அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். படுக்கையில் சேர்கிற ஒவ்வொருவரிடமும் குடி, கஞ்சா, போதை மாத்திரை பற்றிக் கேட்டே தீரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தினமும் குடிக்கிறவனுக்குத் திடீரென்று அது நின்றுபோனால் உடம்பு நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், சமயத்தில் ஆளே போய்விடுவான். முன்னாலேயே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தாண்ட வைத்துவிடலாம். மற்ற நர்சுகளுக்கு இதைக் கேட்கக் கூச்சம். அதனால் இவள் தலையில் கட்டினார்கள், இவளும் அதில் பலே கெட்டிக்காரியாகிவிட்டாள்.

"குடிப்பீங்களா" என்று அவள் கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் எந்த முட்டாள் ஆமாம் என்பான்?

"கடைசியா போன விருந்துல எத்தன தடவ எழுந்து வாழ்த்துச் சொன்னீங்கண்ணே?" என்று சாதாரணமாக ஆரம்பிப்பாள்.

"நாலஞ்சு தடவ இருக்கும். மாப்பிள்ளைக்கு நான் தாய்மாமனாச்சே."

"வெறும் கிளாஸத் தூக்கியா வாழ்த்துனீங்க?"

ஆள் இளித்துவிடுவான். "அதெல்லாம் விருந்துக்கா. அதப் போயி குடின்னு சொல்லலாமா? மத்தபடி குமிஸ் மட்டுந்தான். அது புளிச்ச குதிரப் பாலு."

"பாலக் குடிச்சுட்டா குதிர மேலேருந்து விழுந்தீங்க?"

லைசென்ஸ் பறிபோகும், போதைக்காரன் பட்டியலில் பேர் ஏறிவிடும் என்பதுதான் எல்லோருக்கும் பயம். "போலீசுக்கெல்லாம் போவாதுண்ணே. மயக்க டாக்டர் காதோட நிக்கும்" என்று அடித்துச் சொல்வாள். சொன்னபடி நிற்கவும் செய்யும். பொண்டாட்டி பக்கத்தில் நின்றால் டீ வாங்கிவர அனுப்புவாள். நாக்கடியில் புகையிலைப் பொடியை ஒதுக்கியிருந்தால் கிண்ணத்தை நீட்டி, "துப்பிட்டுப் பொய் சொல்லுங்க" என்பாள். வார்டே சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள். வீட்டுக்காரர் தாலந்த் வேலைக்கென்று ரஷ்யா போய்ப் பல குளிர்காலம் ஆகிவிட்டது. மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு, அடுப்பு, கரி, ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவளுக்குச் சிரிப்பு எங்கோ மரத்துப் போயிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மாமனார் இஷெம்பை வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதே வார்டில்தான் கொண்டுவந்து போட்டார்கள். பேர் கேட்டபோது புருல்சா அவருடைய பாஸ்போர்ட்டை நீட்டினாள். மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? பேர் என்ன பேர், அவருக்கு எதிரே முதுகு காட்டி நடந்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை.

இஷெம்பை ஒருகாலத்தில் மிடாக்குடியர். ஹஜ்ஜுக்குப் போய்வந்து, மசூதியில் எல்லோர் முன்னாலும் குடியை விட்டேன் என்றார். அன்றிலிருந்து ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பஞ்சாயத்தா, நிச்சயதார்த்தமா, முதல் இடம் அவருக்கு. குடிகாரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "அவரப் பாத்துக் கத்துக்கடா" என்று அவரைத்தான் காட்டுவார்கள்.

அவர் விடவில்லை. அது புருல்சாவுக்குத் தெரியும். கரிக் கொட்டகையில், சாக்குகளுக்குப் பின்னால் காலி ஓட்கா பாட்டில் கிடக்கும். இவள் எடுத்துச் சாம்பலோடு சாம்பலாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவாள். பாட்டில் காணாமல் போகிறது என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் புதுசு கிடக்கும். ஒரு வார்த்தை பேசாமல் இருவருக்கும் நடுவே இப்படி ஓர் ஏற்பாடு வருஷக்கணக்காக ஓடியது.

அறுவை செய்யும் டாக்டர் சமிதின் வந்தார். உள்ளூர்க்காரர், அவர் அப்பாவும் இஷெம்பையும் தொழுகையில் ஒரே வரிசை. "உங்க மாமனாரா? அப்ப நீங்களே கேட்டுருங்க" என்றார்.

கட்டிலில் மாமனார். கால்மாட்டில் அவருடைய தொப்பியைப் பிடித்தபடி மாமியார் சைரா. அவள் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேரை விரல் சொடுக்கும் நேரத்தில் பேசவைத்தவளுக்கு இப்போது விருந்து, வாழ்த்து என்று ஆரம்பிக்கவே வரவில்லை. மாமியாரை டீ வாங்க அனுப்பத் தோன்றவில்லை. தனியே கூப்பிட்டு மாமியாரையே கேட்கவும் தோன்றவில்லை.

"குடிக்கமாட்டார்" என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே.

மாமியார் கிளம்பிப் போனதும் வார்டில் இன்னொரு தடவை முயற்சி செய்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது. டீ ஊற்றிக்கொண்டே கெட்டிலிடம் சொன்னாள்: "சில பேரு வெளிய சொல்லாம குடிக்கறாங்களாம். சட்டுன்னு நின்னா உசுருக்கே ஆபத்தாம். டாக்டருகிட்ட மட்டும் சொன்னாப் போதுமாம்."

மாமனார் ஜன்னலிடம் பதில் சொன்னார். "ஹஜ்ஜு போய்ட்டு வந்தவன் வீட்டுல அந்தப் பேச்சு எதுக்கு?"

புருல்சா கெட்டிலை மூடினாள். டாக்டரிடம் தானே போய்ச் சொல்லலாம். நடைவழியில் நாலு எட்டு வைத்தால் அவர் அறை. போனால் மாமனார் மானத்தை விற்றவள் மருமகள் என்று ஆகும். போகாவிட்டால்? அவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம், நிறைய பேருக்கு ஆவதில்லை. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த கட்டில்காரனுக்கு ஊசி போடப் போய்விட்டாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாளே கை நடுங்க ஆரம்பித்தது. வயசு, மயக்கமருந்து, காய்ச்சல் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் இஷெம்பை போர்வை மேல் ஊர்கிற எதையோ பொறுக்கத் தொடங்கினார். வார்டுக்குள் குதிரை நுழைந்துவிட்டது, விரட்டு விரட்டு என்று கத்தினார். உடம்பு கொதித்தது, வேர்வையில் மெத்தையெல்லாம் நனைந்தது.

அப்போதுதான் புருல்சா அந்த நாலு எட்டு நடந்தாள்.

"தினமும் குடிப்பாரு டாக்டர்" என்றாள். குரலில் ஒன்றுமில்லை, ஜுரம் எவ்வளவு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

சமிதின் அவளைப் பார்த்தார். "மொதல்லயே ஏன் சொல்லல?"

"எனக்கு மாமனாருங்க."

அவர் திட்டியிருக்கலாம். வேறு ஊர்க்காரராக இருந்தால் கையிலிருந்ததை வீசியெறிந்திருப்பார். இவர் "ம்" என்றார், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மருந்தை ஏற்றினார்கள், கட்டிலோடு கையைக் கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் இதயம் நின்றுவிட்டது. இதயக் கோளாறு என்று வெளியே சொன்னார் டாக்டர், பொய்யும் இல்லை.

முற்றத்தில் கூடாரம் எழுப்பி உடலைக் கிடத்தினார்கள். வருகிறவர்களுக்குச் சமைக்கக் குதிரை அறுத்தார்கள். ரஷ்யாவிலிருந்து தாலந்த் வந்து சேர்ந்தான், வழக்கப்படி வாசலில் கம்பூன்றி ஆண்களோடு நின்று அழுதான். தொழுகை முடிந்து, "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?" என்று முல்லா கேட்டார். "நல்ல மனுஷர்" என்றது கூட்டம். "குடிய விட்டுக் காட்டின மனுஷர்" என்று ஒரு குரல் தனியாகச் சேர்த்துக்கொண்டது.

புருல்சாவுக்கு அழுகை வரவில்லை. ஒப்பாரி மட்டும் வந்தது. மருமகள் பாடவேண்டியதை வரி பிசகாமல் பாடினாள். நல்ல மருமகள், குரலே கம்மிவிட்டது பார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். குளிரில் கம்மியிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்கு நடுவில், கூடாரத்துக்குள் மாமியாரும் மருமகளும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். முறைப்படி இருவர் முகமும் கூடாரச் சுவர்ப் பக்கம்.

"அவரு விடல" என்றாள் சைரா, சுவரைப் பார்த்தபடியே.



"இத்தன வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு மூக்கு இல்லியா? நானா எப்படிப் போயி டாக்டருகிட்டச் சொல்ல முடியும், புருஷனாச்சே. ஆனா ஊரையே கேக்கறவ நீ. உன் உத்தியோகமே அதான். அவரக் கேக்கலன்னாலும் என்னயக் கேப்பேன்னு நின்னேன். கேட்டிருந்தியானா தலைய ஆட்டியிருப்பேன் கண்ணு. ஆட்டறதுக்குன்னுதான் நின்னேன்."

குரலில் கோபம் இல்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை.

ஏதாவது சொல்லவேண்டும் என்று புருல்சா வாயைத் திறந்தாள். வெளியே யாரோ பெருங்குரலில் அழுதபடி வாசலுக்கு வருவது கேட்டது. சைரா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தாள். அடுத்த அடி மருமகள் பாடவேண்டியது. புருல்சா பாடினாள்.