கோமதி டீச்சரின் ரகசிய அறிக்கை

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல ஒரு கீச்சல்... ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாள் மடங்கி மடங்கி இறங்கும். என் விரல்நுனி எப்போதும் ரிப்பன் மையில் கறுத்தே கிடக்கும்.

நோட்டு மொத்த வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால், பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கேள்வித்தாள் வேலைதான் கடைக்குப் பாதிச் சோறு.

வருஷாவருஷம் பரீட்சை முடிந்ததும் அந்தப் பள்ளியின் எச்.எம். சார் தானே வருவார். ஆசிரியர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் நிர்வாகத்துக்கு ரகசிய அறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி கிளார்க்கிடம் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லுவார். நான் அடிப்பேன். முடிந்ததும் அவர் கண்முன்னாலேயே ஃபைலை அழிக்க வேண்டும்.

முதல் வருஷமே கவனித்தேன். பெயர்தான் மாறும். எல்லாருக்கும் ‘மிக நன்று’.

“என்ன சார், அத்தன பேருமா?”

“மிக நன்றுன்னு போட்டா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டாம்லே. அதுக்குக் கீழ போட்டா காரணம் எழுதணும். சங்கத்துக்காரன் கெளம்பி வருவான். எனக்கு ஏற்கெனவே பி.பி. இருக்கு.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அரிசி மூட்டையில் எவன் ‘இரண்டாம் தரம்’ என்று அச்சடிக்கிறான்?

மூன்றாவது வருஷம் விஷயம் வேறு. அதே நிர்வாகத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் இன்னொரு பள்ளி. அங்கே தலைமையாசிரியர் இடம் காலியாகப் போகிறது. அறிக்கையைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். போட்டியில் இரண்டு பேர்.

ஒருவர் கோமதி டீச்சர். பத்தாம் வகுப்புக் கணக்கு. வீடே கல்லிடைக்குறிச்சிதான். விடியுமுன்னே சமைத்து வைத்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாசஞ்சர் ரயில் ஏறி வருவார். சாயங்காலம் என் கடையில் நின்று கேள்வித்தாளில் பிழை பார்க்கும்போது ஒரு கண் தாளில், ஒரு கண் கடிகாரத்தில்.

இன்னொருவர் அறிவியல் முருகேசன் சார். அப்போதுதான் வந்திருந்த செல்போனை வைத்துக்கொண்டு வகுப்பு ஜன்னலோரம் நின்று மனை விற்பவர்.

எச்.எம். முதலில் முருகேசன் சாருக்குச் சொன்னார். “மிக நன்று. தலைமைப் பொறுப்புக்கு எல்லா வகையிலும் தகுதியானவர்.”

அடுத்தது கோமதி டீச்சர். “நன்று. நிர்வாக அனுபவம் இன்னும் தேவை.”

என் கை நின்றுவிட்டது.

“சார்... பேரு மாறிப்போச்சோ?”

“மாறல. அடி.”

“டீச்சருக்கா சார்?”

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “ஏலே, அந்தம்மாவ அனுப்பிட்டு பத்தாப்புக் கணக்குக்கு நான் எங்கன போயி ஆள் புடிக்க? இவன் போனாம்னா எனக்கு ஒரு தலவலி தீந்துது. நீயும் யாவாரிதானே, நல்லா ஓடுத சரக்க எவனாவது அடுத்த கடைக்குத் தூக்கிக் குடுப்பானா?”

அவரே மறுபடி சொன்னார்: “அனுபவம் தேவைன்னுதானே எழுதச் சொல்லுதேன். அது பொய்யா? அந்தம்மா இதுக்கு முன்ன எச்.எம்.மா இருந்துருக்கா?”

அடித்தேன். அழித்தேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் வந்தார். பிழை திருத்த ஒன்றும் இல்லை, சும்மா வந்தார். “அண்ணாச்சி, எச்.எம். இங்கனதான் ரிப்போர்ட் அடிச்சாகளாமே... எனக்கு என்ன எழுதியிருக்காகன்னு தெரியுமா? சரியில்லன்னா நேரா நிர்வாகத்துலயே போயி கேட்டுருவேன்.”

“நான் அதயெல்லாம் வாசிக்கிறதில்ல டீச்சர். கை பாட்டுக்கு அடிக்கும்.”

பள்ளி வேலை போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

முருகேசன் சார் கல்லிடைக்குறிச்சிக்கு எச்.எம். ஆனார். கோமதி டீச்சர் இன்னும் பதினொரு வருஷம் அந்த ரயிலில் வந்தார். மாமியார் இறந்த செய்திகூட அவருக்கு வகுப்பில் நிற்கும்போதுதான் வந்தது.

போன வாரம் டவுனில் என் குடோனுக்கு வந்திருந்தார். ரிட்டயர்டு ஆகி டியூஷன் எடுக்கிறாராம். கிராஃப் நோட்டு வேண்டுமாம். இப்போதெல்லாம் போனிலேயே ஆப் வைத்து ஆசிரியர்களுக்கு மார்க் போடுகிறார்களாமே என்று பேச்சு வந்தது. அந்த வாக்கில் சொல்லிவிட்டேன்.

“டீச்சர், அன்னைக்கு வாசிக்கலன்னு சொன்னேன்லா... வாசிச்சேன்.”

அவர் நோட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. “தெரியும் அண்ணாச்சி. வீட்டுப்பாடம் எழுதாம வந்து நிக்குத புள்ளைக மொகத்த எத்தன வருஷம் பாத்துருக்கேன்! ஒங்க மொகம் அன்னைக்கு அப்படித்தான் இருந்துது.”

“பொறவு ஏன் நிர்வாகத்துல போயி கேக்கல?”

“என்ன ஆதாரத்த வச்சுக் கேக்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டுருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு படியைக் காட்டுவது மாதிரிதான் சொன்னார். ரிட்டயர்டு ஆவதற்கு முன் கடைசி இரண்டு வருஷம் அவரும் எச்.எம்.மாக இருந்தவர்தான். “நீங்க எப்படி எழுதினீக?” என்றேன்.

“உள்ளத உள்ளபடி எழுதினேன். நல்லா பாடம் நடத்துத டீச்சர் புள்ளய நிர்வாகத்துல வேற பள்ளிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. ரிசல்ட் விழுந்துது. எங்கிட்ட வெளக்கம் கேட்டாக.” சிரித்தார். “அந்த வருசம் எச்.எம். சார ரொம்ப நெனச்சேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு பைய நடந்து போனார்.

அந்தக் காலத்தில் பொய் எழுதச் சொன்ன மனுஷன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு விரலால் தொட்டால் நட்சத்திரம் விழுகிறது, யாருக்கும் வியர்ப்பதில்லை.

இன்றைக்கு டீச்சர் வந்து கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் இப்போது எனக்கு அந்தப் பள்ளியின் தயவு தேவையில்லை. தேவைப்பட்ட காலத்தில்தான் அவர் கேட்டார்...