அர்ஜென்ட்டுக்கு ஒரு வாக்கியம்

ஆங்கில மிஸ் ஆளுக்கொரு பெயரடை எழுதி வரச் சொன்னபோது நான் ஆறாம் வகுப்பு. வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும். பொருள், பிறப்பிடம், ஒரு வாக்கியம் மூன்றும் வேண்டும். நல்லூரில் எங்கள் வீட்டில் சோறு, தண்ணீரைவிட அதிகம் புழங்கிய சொல் ஒன்று இருந்தது. அர்ஜென்ட்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் ஓட்டையோ எண்ணெய்க்கறையோ இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. வாரம் தவறாமல் சூப்பர்வைசரின் போன் வரும்.

"அக்கா, அர்ஜென்ட்டுங்க. ஞாயித்துக்கெழம வந்துருங்க."

அம்மா "செரிங்க" என்பாள். அர்ஜென்ட் இல்லாத ஆர்டர் ஒன்றையாவது அவள் பார்த்திருப்பாளா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பொருள் கேட்டேன். "லீவு கெடையாதுன்னு அர்த்தம்" என்றாள். எங்கிருந்து வந்தது என்றதற்கு, "வெளிநாட்டுப் பார்ட்டிகிட்ட இருந்துதான்" என்றாள். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வாக்கியம்தான் வரவில்லை. அம்மா விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாகவே அப்படித்தான்; சாப்பாடும் பாதிதான் இறங்கும். நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே, வலிக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

"அதொண்ணும் அர்ஜென்ட் இல்ல கண்ணு. இந்த ஷிப்மெண்ட் போகட்டும்."

வாக்கியம் கிடைத்துவிட்டது. என் அம்மாவின் வயிற்றுவலி அர்ஜென்ட் இல்லை என்று ஆங்கிலத்தில் முத்து முத்தாக எழுதினேன்.

மிஸ் பிறப்பிடத்தை மட்டும் அடித்துவிட்டு, லத்தீன், நெருக்கித் தள்ளுவது என்று திருத்தினார். வாக்கியத்துக்குப் பெரிய டிக், பக்கத்தில் குட். சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன். அவள் நோட்டை வாங்கி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் ஒண்ணும் கேக்கலியா?"

"எதுக்குக் கேக்கோணும்? ஒரு தப்புகூட இல்லியே."

"செரி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

குட் வாங்கி வந்தவளை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அன்று அவளோடு நான் பேசவே இல்லை. அந்த வலி பிறகு பித்தப்பை ஆபரேஷனில் போய் முடிந்தது. அந்த வாக்கியத்தைத் தப்பு என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என அவள் காத்திருந்தது, பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.