ஆறே மாசம்

மாதாப்பூரில் என் ஆபீஸ் எதிரே கட்டிக்கொண்டே இருக்கும் மேம்பாலத்துக்கு சைட் இன்ஜினியர் ஒரு தஞ்சாவூர்க்காரர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கக்கத்தில் சுருட்டிய வரைபடம். எங்கே தோண்டினாலும் வரைபடத்தில் இல்லாத ஒரு குடிநீர்க் குழாய் வந்து நிற்கும். வேலையை நிறுத்திவிட்டு, அதைப் பென்சிலால் வரைந்துகொள்வார். பாலம் வளர்ந்ததோ இல்லையோ, வரைபடம் நன்றாக வளர்ந்தது.

டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம், "எப்ப சார் முடியும்?" என்பேன்.

"ஆறே மாசம் சார்" என்பார். மூன்று வருஷமாக நானும் நம்பினேன்.

போன வாரம் அவரே என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தை ஊரிலிருந்து அழைத்து வந்துவிட்டாராம்.

"பொண்ணை எல்கேஜில சேர்க்கணும் சார். பத்தாவது வரைக்கும் இருக்கிற ஸ்கூலாச் சொல்லுங்க. நடுவுல மாத்தினா குழந்தைக்குக் கஷ்டம்."

"அப்போ பாலம்?"

"ஆறே மாசம் சார்" என்றார், முகம் மாறாமல்.